என் போனில் நான் யார்?

போன மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அம்மாவிடமிருந்து போன்.

‘‘டேய், இந்த போன் மறுபடியும் கத்த ஆரம்பிச்சிருச்சுடா.’’

‘‘கத்துதுன்னா?’’

‘‘காலண்டரைத் திறந்து ராகு காலம் பார்க்கலாம்னா, ஒரு பொம்மை வந்து ஆடுது. லோன் வேணுமானு கேக்குது. எங்க மூடறதுன்னே தெரியலை. நேத்து என்னத்தையோ அமுக்கிட்டேன் போல. ஒரு பொண்ணு போன் பண்ணி, ஆதார் நம்பர் சொல்லுங்கம்மான்னு கேட்டா.’’

‘‘சொன்னியாம்மா?’’

‘‘நான் என்ன லூசா? ஆனா வாய் வரைக்கும் வந்துருச்சு. பேங்க்லேர்ந்துதான் பேசறாளோன்னு நெனச்சேன்.’’

அம்மாவுக்கு வயது 74. தனியாக இருக்கிறார். கண்ணில் ஒரு பக்கம் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவருடைய போன் 2021-இல் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதில் விளம்பரம், விளையாட்டு, கடன் என்று யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வாரன்டி முடிந்ததும், கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கும் என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த போனை ‘ரூட்’ செய்தான். விளம்பரம் அனுப்பும் கம்ப்யூட்டர்களின் முகவரிகளை எல்லாம் போனுக்குள்ளேயே தடுத்து வைத்தான். இரண்டு வருடம் அம்மாவின் போன் வாயைத் திறக்கவில்லை. அழைப்பு வந்தால் மணி அடிக்கும், அவ்வளவுதான். இப்போது திடீரென்று மறுபடி கத்துகிறது.

மருமகனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், ‘‘மாமா, பாட்டி அப்டேட் போட்டாங்களா?’’ என்றான்.

அம்மாவைக் கேட்டேன். ‘‘ஏதோ இன்ஸ்டால்னு வந்துச்சு. ஓகே போட்டேன். போடக்கூடாதா?’’

பாவம், போடலாம். போட வேண்டும். பாதுகாப்புக்காகத்தானே அப்டேட். ஒன்றரை வருடம் தூங்கிக்கொண்டிருந்த போன் கம்பெனி (பெயர் வேண்டாம், எல்லோரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தான்) ஒரு நாள் எழுந்து ஒரு அப்டேட்டை அனுப்பியது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த அந்த அப்டேட், அம்மாவுக்கு இருந்த ஒரே பாதுகாப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட்டது. போகிற போக்கில் கடன்காரனையும் கூட்டி வந்துவிட்டது.

‘ரூட்’ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு ஃப்ளாட் வாங்குகிறீர்கள். பத்திரம் உங்கள் பெயரில். வரி நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆனால் மொட்டை மாடி சாவி, மோட்டார் ரூம் சாவி, இ.பி. பெட்டி சாவி எல்லாம் பில்டரிடமே இருக்கிறது. கேட்டால், ‘உங்க நல்லதுக்குத்தான் சார், ஷாக் அடிச்சிரும்’ என்கிறான். போதாததற்கு உங்கள் ஹாலில் ஒரு நகைக்கடை போர்டு மாட்டியிருக்கிறான். அதைக் கழற்ற ஏணி வேண்டும். ஏணி மோட்டார் ரூமில் இருக்கிறது.

ஆண்ட்ராய்டின் அடி வயிற்றில் இருப்பது லினக்ஸ். லினக்ஸ், அதற்கு முந்தைய யூனிக்ஸ் எல்லாவற்றிலும் ‘ரூட்’ என்று ஒரு ஆள் உண்டு. அவருடைய எண் 0. அவர் சொன்னால் கம்ப்யூட்டர் கேட்கும், எதிர்க்கேள்வி கிடையாது. உங்கள் போனிலும் அந்த ஆள் இருக்கிறார். ஆனால் அது நீங்கள் இல்லை. காசு கொடுத்து வாங்கிய நீங்கள் வெறும் வாடகைதாரர்.

அந்த சாவியைக் கையில் வாங்குவதுதான் ரூட் செய்வது. பலரும் நினைப்பது போல அது திருட்டு வேலை அல்ல. இன்றைக்கும் கூகுளின் பிக்ஸல் போன்களில், ஆபரேட்டர் பூட்டி விற்றவை தவிர மற்றவற்றில், பூட்லோடரைத் திறக்கும் வசதி செட்டிங்கிலேயே இருக்கிறது. 2010 ஜனவரியில் கூகுள் விற்ற நெக்ஸஸ் ஒன் போனில் ஒரே ஒரு கட்டளைதான். ‘வாரன்டி போய்விடும், சம்மதமா?’ என்று கேட்கும். சம்மதம் என்றால் திறந்துவிடும். அது மரியாதை. ஆபத்து இன்னது என்று சொல்லிவிட்டு, முடிவை வாங்கியவரிடம் விட்டுவிடுவது.

அதற்கு முன்னால் நடந்தது ஒரு வேடிக்கை. உலகின் முதல் ஆண்ட்ராய்டு போன் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் வந்த டி-மொபைல் ஜி1. அடுத்த மாதமே ஒருவர் யாருக்கோ மெசேஜ் அடிக்கும்போது ‘ரீபூட்’ என்று டைப் செய்தார். போன் நிஜமாகவே ரீபூட் ஆகிவிட்டது! விஷயம் என்னவென்றால், நீங்கள் எங்கே எதை டைப் செய்தாலும், அதையெல்லாம் ரூட்டின் கட்டளையாகவும் எடுத்துக்கொண்டு செய்து முடிக்கும்படி அந்த மென்பொருளில் ஒரு ஓட்டை. கூகுள் அவசர அவசரமாக ஆர்.சி.30 என்ற அப்டேட்டை அனுப்பி ஓட்டையை அடைத்தது. அடைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் ரூட் சாவியை எடுத்திருந்தார்கள். அப்டேட் வந்ததும் சாவி போச்சு. சாவி வேண்டும் என்பவர்கள் பழைய ஆர்.சி.29-ஐ மெமரி கார்டில் வைத்து போனைப் பின்னோக்கி இழுத்தார்கள்.

அம்மாவின் போனில் போன மாதம் நடந்ததும், அன்று நடந்ததும் ஒன்றேதான். அப்டேட் வரும், ரூட் போகும், ஜனங்கள் தேடி அலைவார்கள்.

சரி, ரூட் எப்படிப் போகிறது? மருமகன் எனக்குப் புரிய வைத்ததை உங்களுக்குச் சொல்கிறேன். இப்போது பெரும்பாலும் ரூட் செய்யப் பயன்படுவது ‘மேஜிஸ்க்’ என்ற மென்பொருள். தைவானைச் சேர்ந்த ஜான் வூ 2016-இல் எழுதியது. (அவரையே 2021-இல் கூகுள் தன் ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் பிரிவில் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மேஜிஸ்க் தொடர்கிறது. பிற செயலிகளிடமிருந்து ரூட்டை மறைக்கும் பழைய வசதியை மட்டும் அதோடு கைவிட்டார்.) மேஜிஸ்க் போனின் மற்ற பகுதிகளைத் தொடுவதில்லை. போன் கண் விழிக்கும்போது முதலில் படிக்கிற ‘பூட் இமேஜ்’ என்ற சின்னத் துண்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆண்ட்ராய்டு 7 வந்த பிறகு பல போன்களில் மென்பொருளுக்கு ஏ, பி என்று இரண்டு அறைகள். நீங்கள் ஏ அறையில் குடியிருக்கும்போது, அப்டேட் சத்தமில்லாமல் பி அறையை வெள்ளையடித்துத் தயார் செய்யும். அணைத்து எழுப்பினால் நீங்கள் பி அறையில் இருப்பீர்கள். ரூட் பழைய அறையிலேயே தங்கிவிட்டது. யாரும் அதை உடைக்கவில்லை. நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள்.

அதனால்தான் மேஜிஸ்க் செயலி போனில் அப்படியே இருக்கும், திறந்தால் திறக்கும். ஆனால் ‘இன்ஸ்டால் ஆகியிருப்பது’ என்ற இடத்தில் ‘என்/ஏ’ என்று காட்டும். டாஷ்போர்டு இருக்கிறது, இன்ஜின் இல்லை. அங்கே ஒரு பதிப்பு எண் காட்டியும் வேலை நடக்கவில்லை என்றால் அது வேறு நோய். ஏதோ ஒரு செயலிக்கு ரூட் அனுமதி கேட்டபோது நீங்கள் தெரியாமல் ‘மறு’ என்று அமுக்கியிருப்பீர்கள். மேஜிஸ்க்கிலேயே சூப்பர்யூசர் பகுதியில் போய்த் திருத்திக்கொள்ளலாம், போனை நோண்ட வேண்டியதில்லை.

நிஜமாகவே இன்ஜின் போயிருந்தால், இப்போது போனில் ஓடுகிற அதே பில்ட் நம்பருக்கு உரிய மென்பொருளை கம்பெனியின் பக்கத்திலிருந்து இறக்கி, அதிலிருந்து பூட் இமேஜை உருவி, மேஜிஸ்க்கிடம் கொடுத்து ஒட்டு போடச் சொல்ல வேண்டும். ஒட்டுப்போட்டதை கம்ப்யூட்டர் வழியாக ஃபாஸ்ட்பூட் மூலம் போனில் ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 13-உடன் பிறந்த போன்களில் அந்தத் துண்டின் பெயர் ‘இனிட் பூட்’ என்று மாறியிருக்கும். நம்பர் ஒன்று மாறினாலும் போன் லோகோவையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டு நிற்கும். பயந்துபோய் பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிட்டால் தொலைந்தது. மாற்றிய மென்பொருளோடு பூட்டினால் போன் டெட். ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனால், ‘சாஃப்ட்வேர் போடணும் சார், டேட்டா வராது’ என்பார்கள்.

இத்தனையும் தவிர்க்க ஒரு வழி இருந்தது. அப்டேட் இறங்கி முடிந்ததும், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், மேஜிஸ்க்கைத் திறந்து ‘பயன்பாட்டில் இல்லாத அறையில் நிறுவு’ என்பதை அமுக்கியிருந்தால், ரூட்டும் கூடவே வீடு மாறியிருக்கும். 74 வயது அம்மா அதைச் செய்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

கேள்வியே இதுதான். ஒரு மனுஷி தன்னுடைய சொந்தப் பொருளில் விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல இவ்வளவு சர்க்கஸ் ஏன்?

நான் இதைச் சொன்னதும் ஒரு நண்பர், ‘‘விளம்பரத்தை நிறுத்த ரூட் எதுக்குய்யா? பிரைவேட் டி.என்.எஸ். வைத்தால் போதும். வேண்டாத செயலியை கம்ப்யூட்டரில் சொருகி ஏ.டி.பி. மூலம் எடுத்துவிடலாம்’’ என்றார். தெரியும். முதலாவது ஓரளவு வேலை செய்யும். இரண்டாவது, செயலியை அழிப்பதில்லை, உங்கள் கண்ணிலிருந்து மறைத்து வைக்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்ப வந்து பல்லைக் காட்டும். கொல்லைப்புறமாகப் போக இரண்டு சந்து இருக்கிறது என்பதற்காக, வாசல் கதவை அடுத்தவன் பூட்டி வைத்திருப்பதை நியாயம் என்று சொல்ல முடியுமா?

கம்பெனிகள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று. பாதுகாப்பு.

அந்த பதிலை நான் உதறித் தள்ளவில்லை. ரூட் சாவி திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை 2011 மார்ச்சிலேயே பார்த்தோம். ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில், கூகுளின் சொந்தக் கடையில், 50-க்கும் மேற்பட்ட செயலிகளில் ‘டிராய்ட்ட்ரீம்’ என்ற விஷம் இருந்தது. அது போனில் இருந்த ஓட்டைகள் வழியே தானே ரூட் சாவியை எடுத்துக்கொண்டது. கூகுள் அந்தச் செயலிகளை ஜனங்களின் போன்களிலிருந்து தொலைவில் இருந்தபடியே அழித்தது. நல்ல காரியம். ஆனால் கவனியுங்கள், அதில் பாதிக்கப்பட்டவர்கள் போனைத் தாங்களாக ரூட் செய்தவர்கள் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கினான். வீட்டுக்காரனிடம் சாவி இல்லாதது அவனைத் தடுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனி கதவைத் திறக்க நேர்மையான வழி கொடுத்தால், ஆள் அந்த வழியில் போவான். கொடுக்காவிட்டால்? ‘ஒரே கிளிக்கில் ரூட்’ என்று யாரோ ஊர் பேர் தெரியாதவன் கொடுக்கும் செயலியை இறக்குவான். அந்தச் செயலி வேலை செய்வதே போனில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தித்தான். அதற்குப் பிறகு சாவி உங்களிடம் இருக்கிறதா, அவனிடம் இருக்கிறதா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். பாதுகாப்பு பாதுகாப்பு என்று கத்துகிறவர்கள்தான் ஜனங்களை அந்தச் சந்துக்குள் தள்ளுகிறார்கள். ஹுவாவே பூட்லோடர் திறக்கும் குறியீடு கொடுத்துக்கொண்டிருந்தது. 2018-இல் நிறுத்திவிட்டது. ஷியோமி 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்னது உண்டு. ஏழு நாள்! ஊரில் கல்யாண ரிஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி.

சாம்சங் செய்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது. 2013 வாக்கில் தொடங்கி அதன் காலக்ஸி போன்களின் சிப்புக்குள் ‘நாக்ஸ்’ என்ற ஏற்பாட்டின் கீழ் ஒரு மின் ஃபியூஸ் வைத்தது. கம்பெனி தராத மென்பொருளை ஒரு முறை ஏற்றினால் போதும், ஃபியூஸ் எரிந்துவிடும். 0 என்பது 1 ஆகிவிடும். அப்புறம் நீங்கள் மனம் திருந்தி கம்பெனி மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் 1 மறுபடி 0 ஆகாது. சாம்சங் பே ஓடாது. செக்யூர் ஃபோல்டர் திறக்காது. கொலைக் குற்றவாளிக்குக்கூட தண்டனை முடிந்து விடுதலை உண்டு.

இப்போது வங்கிக்கு வருவோம்.

அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வருகிற வங்கியின் செயலியை அந்த போனில் போட்டேன். திறந்ததும், ‘உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. கிளைக்குப் போனேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

‘‘உங்க போன்ல ரூட் இருக்கு சார். அதனால ரிஸ்க்.’’

‘‘ரூட்னா என்ன சார்?’’

கொஞ்ச நேரம் யோசித்தார். ‘‘அது... ஐ.டி. டிபார்ட்மென்ட்டுல சொல்றது சார்.’’

‘‘உங்க டேபிள் மேல இருக்கற கம்ப்யூட்டர் மாதிரி என் வீட்டிலயும் ஒண்ணு இருக்கு. அதுல நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். எந்த சாஃப்ட்வேரை வேணும்னாலும் போடுவேன், எடுப்பேன். அதுல உங்க நெட் பேங்கிங் திறக்குதே?’’

‘‘அது கம்ப்யூட்டர் சார். இது மொபைல்.’’

நாட்டில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் உரிமையாளரே அட்மினிஸ்ட்ரேட்டர். எந்த வங்கியும் ‘அட்மின் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வா, அப்புறம் பணம் அனுப்பலாம்’ என்று சொன்னதில்லை. கையில் அடங்குகிற கம்ப்யூட்டர் என்றால் மட்டும் உரிமையாளரே சந்தேகப் பேர்வழி.

சரி, இப்போதுதான் அப்டேட் வந்து ரூட் போய்விட்டதே, வங்கி செயலி திறக்குமா என்று பார்த்தேன். ம்ஹூம். ரூட் போனாலும் பூட்லோடர் திறந்தே இருக்கிறது. அதை சிப்பே போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஆக, விளம்பரத்தைத் தடுக்கும் அதிகாரமும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. இரண்டு பக்கமும் அடி.

இந்தப் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு கூகுள் வைத்திருந்த பெயர் ‘சேஃப்டிநெட்’. 2022-இல் அதை மூட்டை கட்டத் தொடங்கி ‘பிளே இன்டெக்ரிட்டி’ என்று புதிதாகக் கொண்டு வந்தது. இன்டெக்ரிட்டி என்றால் நேர்மை, நாணயம். யாருடைய நாணயத்தை அளக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து வருடமாக ஒரு செக்யூரிட்டி அப்டேட்கூட வராத, ஓட்டை ஓட்டையாக இருக்கும் பழைய போன், கம்பெனி பூட்டியது பூட்டியபடி இருந்தால் சாதாரண நிலையில் தேறிவிடும். மிகக் கடுமையான நிலைக்கு மட்டும், ஆண்ட்ராய்டு 13-லும் அதற்கு மேலும் ஓடுகிற போன்களில், ஒரு வருடத்துக்குள் வந்த செக்யூரிட்டி அப்டேட் வேண்டும் என்று 2025-இல்தான் சேர்த்தார்கள். ஆனால் கம்பெனி கைவிட்ட அதே பழைய போனில், ‘லினியேஜ் ஓ.எஸ்.’ போன்ற தன்னார்வலர்கள் செய்த மென்பொருளைப் போட்டு, போன மாத ஓட்டை வரைக்கும் அடைத்து வைத்திருந்தால்? தேறாது. அதில் ரூட்டே இல்லாவிட்டாலும் தேறாது. ஓட்டை இருக்கிறதா என்பது அவர்கள் கேள்வி இல்லை. எஜமான் யார் என்பதுதான் கேள்வி.

‘எனக்கு எதுக்குய்யா ரூட்? நான் போன் பேசறேன், வாட்ஸ்அப் பார்க்கறேன், மூணு வருஷத்துல மாத்திடறேன்’ என்று நினைக்கிறீர்கள் இல்லையா? மூன்று வருடத்தில் மாற்றுகிறீர்களா, மாற்ற வைக்கப்படுகிறீர்களா? திரை நன்றாக இருக்கிறது, பேட்டரி மாற்றினால் இன்னும் மூன்று வருடம் ஓடும். அப்டேட் நிறுத்திவிட்டார்கள், அதனால் தூக்கிப் போடுகிறீர்கள். கம்பெனி கைகழுவிய பிறகாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமே. வேறு யாராவது அதற்கு உயிர் கொடுப்பார்களே. ஒரு பிள்ளை படிக்கும். குப்பையில் ஒன்று குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 2010 ஜூலையில், போனின் பூட்டை உரிமையாளர் தானே திறந்து தனக்கு வேண்டிய மென்பொருளைப் போட்டுக்கொள்வது காப்பிரைட் சட்டப்படி குற்றமல்ல என்று விலக்கு கொடுத்தார்கள். ஆப்பிள் எதிர்த்தது, எடுபடவில்லை. குற்றமல்ல என்றார்களே தவிர, கம்பெனி சாவி கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பூட்டைத் திறக்க உனக்கு உரிமை உண்டு, பூட்டு மட்டும் திறக்காது.

நம் நாட்டில் நடந்தது இன்னும் கொடுமை. 2022 அக்டோபர் 20-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதோடு பத்து உத்தரவுகள். அதில் ஒன்று, போனில் முன்கூட்டியே திணித்து வைத்திருக்கும் கூகுள் செயலிகளை ஜனங்கள் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பது. படித்தபோது அட, நம் ஊரிலும் யாரோ யோசிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. அந்த நான்கில் இதுவும் ஒன்று. அப்புறம் இரண்டு தரப்பும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆயிரத்து முன்னூறு கோடி அரசாங்கக் கணக்குக்கு. வேண்டாத செயலியை நீக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஒரு தளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வாகனம் எல்லாவற்றுக்கும். நல்ல தொடக்கம். அதில் என் தரப்பிலிருந்து மூன்று கோரிக்கை. ஒன்று, இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு போனிலும் பூட்லோடரைத் திறக்கும் வழி இருக்க வேண்டும். அபாயத்தைப் பத்து முறை சொல்லி எச்சரிக்கட்டும், டேட்டாவை அழித்துவிட்டுத் திறக்கட்டும், திருட்டு போன் இல்லை என்று சரிபார்க்கட்டும், ஆட்சேபணை இல்லை. இரண்டு, செக்யூரிட்டி அப்டேட்டை நிறுத்தும் நாளில் கட்டாயம் திறந்துவிட வேண்டும். மூன்று, வாங்கும்போதே அட்டைப் பெட்டியில் ‘இதன் பூட்டு திறக்கும்’ அல்லது ‘திறக்காது’ என்று அச்சடிக்க வேண்டும். பருப்பு பாக்கெட்டில் எடையும் தேதியும் போடுகிற ஊர்தானே இது.

வங்கிகளுக்கு ஒன்று. எச்சரியுங்கள். ரூட் செய்த போனில் ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு போடுங்கள். கதவைச் சாத்தாதீர்கள். பாக்கியைப் பார்க்கக்கூட விடமாட்டேன் என்பது பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம்.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே போனை ரூட் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். தினமும் பணம் அனுப்புகிற போனில், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கையை வைக்கவே வேண்டாம். ரூட் கொடுத்த செயலி எதை வேண்டுமானாலும் படிக்கும். நான் கேட்பது எல்லோரும் ரூட் செய்ய வேண்டும் என்று அல்ல. எல்லோரும் மொட்டை மாடிக்குப் போக வேண்டியதில்லை. சாவி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் விவகாரம்.

அம்மாவின் போனுக்கு மருமகன் அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தான். பில்ட் நம்பர் பார்த்து, பூட் இமேஜ் எடுத்து, ஒட்டுப்போட்டு, ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரம். மென்பொருளை இறக்கத்தான் பாதி ராத்திரி ஆனது. டெவலப்பர் ஆப்ஷனில் ‘தானியங்கி அப்டேட்’ என்பதை அணைத்துவிட்டு, ‘‘பாட்டி, இன்ஸ்டால்னு எது வந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணு’’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பொம்மை போய்விட்டது. பென்ஷன் வந்ததா என்று பார்க்க அம்மா இப்போதும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வங்கிக்குப் போகிறார். போக வர 160 ரூபாய்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உங்கள் போனின் பூட்லோடரைத் திறக்க கம்பெனி மறுத்தால் அதைப் புகாராக எடுத்துக்கொள்வார்களா என்று கூப்பிட்டுக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.